ஈறோரத்துப் பல் அடைப்பு கழன்று விழுகிறது: 'எட்டாம் தலைமுறை பாண்ட்' போட்டால் நிற்குமா?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பச்சிக்கு வயது 68. கீழ்வரிசையில், ஈறை ஒட்டி, இரண்டு பற்களில் பள்ளம் விழுந்து கூச்சம். பல் நிறத்தில் அடைத்தார்கள். ஒன்று நாலு மாதத்தில் சாப்பிடும்போது கழன்று வந்துவிட்டது, இன்னொன்று ஒரு வருடம் தாங்கியது. இப்போது வேறொரு கிளினிக்கில், "நாங்கள் எட்டாம் தலைமுறை பாண்ட் போடுகிறோம், 45 மெகா பாஸ்கல் பிடிக்கும், பழைய பாண்டெல்லாம் 20தான்" என்கிறார்களாம். காசும் கூடுதல். பாண்ட் என்பது அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் பசை. எந்த பாண்ட் பல்லில் அதிகம் பிடிக்கும் என்பது கேள்வி.

கேள்வி அப்படி இருந்தாலும், அவர் முடிவெடுக்கத் தேவையான விஷயம் வேறு. சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்து எழுதிய ஓர் எண், வாய்க்குள் அந்த அடைப்பு எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லுமா? அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்கலாமா? நான் பல் மருத்துவக் கல்லூரியில் பல் அடைப்பு, வேர் சிகிச்சைத் துறையில் பாடம் நடத்தியவன். மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுகளுக்காக இந்தச் சோதனைகள் நடக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். இப்போது காரைக்குடியில் சின்னதாக ஒரு கிளினிக். என் கணிப்பு இது: மோசமான பாண்டை ஒதுக்க அந்த எண் உதவும். நல்ல பாண்டுகளுக்குள் எது மேல் என்று சொல்ல அது போதாது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஒரு மெகா பாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் விசை. கிட்டத்தட்ட நூறு கிராம் எடையைத் தொங்கவிட்ட மாதிரி. ஆக 20 மெகா பாஸ்கல் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் ஒட்டில் இரண்டு கிலோ தொங்கினால் பிய்யும் என்று பொருள். அளக்கும் விதம் இப்படி. பிடுங்கிய கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து, வைரத்துகள் பதித்த தகட்டு ரம்பத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைச் சீவிவிடுவார்கள். உள்ளே மஞ்சளாக, பல்லின் உள்படலமான டென்டின் தெரியும். அதை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பாண்ட் தடவி, நீல விளக்கடித்து, மேலே காம்போசிட்டை (பல் நிறத்தில் அடைக்கும் பிசின் கலவை) நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்குக் கட்டுவார்கள். ஒரு நாள் 37 டிகிரித் தண்ணீரில் கிடக்கும். அப்புறம் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அறுத்தால், பாதி பல்லும் பாதி காம்போசிட்டுமாக, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் குச்சி குச்சியாக வரும். ஒவ்வொரு குச்சியையும் இரு முனையிலும் சூப்பர் குளூ வைத்து இயந்திரத்தில் ஒட்டி இழுக்க வேண்டும். 'டிக்' என்று பிய்கிற இடத்தில் காட்டும் விசையை ஒட்டின் பரப்பால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். இது நுண்-இழுவைச் சோதனை. 1994-இல் ஜப்பானின் சானோவும் அவர் குழுவினரும் அறிமுகப்படுத்தியது.

இன்னொரு முறை அதைவிடப் பழையது, சுலபமானது. பல்லின் மேல் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு காம்போசிட் பொத்தானை ஒட்டி, பக்கவாட்டில் கத்தி முனையாலோ கம்பியாலோ தள்ளிப் பெயர்ப்பது. சறுக்கு விசைச் சோதனை என்பார்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரே பாட்டில் பாண்ட், ஒரே ஆள், ஒரே மாதிரிப் பல் என்றாலும் தள்ளிப் பார்த்தால் 20-ஐ ஒட்டியும், குச்சியாக்கி இழுத்தால் 40-க்கு மேலும் வரலாம். காரணம் எளிது. ஒட்டின் பரப்பு பெரிதானால் அதற்குள் குமிழி, காய்ந்த இடம், தடித்த இடம் என்று குறைகள் இருக்க வாய்ப்பும் கூடும். பிளவு அந்தக் குறையில்தான் தொடங்கும். பரப்பு சிறுத்தால் குறைகளும் குறையும், எண் ஏறும். எனவே ஒருவர் 45 என்றும் இன்னொன்றுக்கு 20 என்றும் சொன்னால், இரண்டும் ஒரே சோதனையா என்று கேட்காமல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி உண்டு. குச்சியாக அறுக்கும்போதே சில பிய்ந்து விழுந்துவிடும், இயந்திரத்துக்குப் போகவே போகாது. அவற்றைப் 'பூஜ்யம்' என்று கணக்கில் சேர்ப்பதா, சேர்க்காமலே விடுவதா? சேர்த்தால் சராசரி இறங்கும், விட்டால் ஏறும். இரண்டு வழிக்கும் ஆள் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் அதைச் சொல்லிவிட்டால் நேர்மைதான். விளம்பரத் தாளில் அந்த வரியை யாரும் அச்சடிப்பதில்லை. அதேபோல, பிய்ந்தது ஒட்டு இருந்த இடத்திலா, பல்லுக்குள்ளேயா, காம்போசிட்டுக்குள்ளேயா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பல்லே உடைந்திருந்தால் அந்த எண் ஒட்டின் பலத்தைச் சொல்லவில்லை, பல்லின் பலத்தைத்தான் சொல்கிறது.

இப்போது உங்கள் அப்பச்சியின் பல்லுக்கு நேராகப் பொருந்தும் ஒன்று. இந்த பாண்டுகளை மனிதர் வாயில் வைத்து வருடக்கணக்கில் சோதிக்க, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுப்பது அப்பச்சிக்கு வந்திருக்கும் அதே பள்ளத்தைத்தான்: சொத்தை இல்லாமல், ஈறோரத்தில் ஆப்பு வடிவில் தேய்ந்த பள்ளம். அதில் அடைப்பு தங்குவதற்குப் பிடிமானமான வடிவம் எதுவும் கிடையாது. பாண்ட் பிடித்தால் நிற்கும், பிடிக்காவிட்டால் விழும். இந்த மாதிரிச் சோதனைகளைத் திரட்டி பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழுவினர் 2014-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். வருடத்துக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் அடைப்பு விழுகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. மிகக் குறைவாக விழுந்தது கிளாஸ் அயனோமர், 2.0 சதவீதம். அடுத்து, மிதமான அமிலம் கொண்ட இரண்டு-படி செல்ஃப் எட்ச் பாண்ட் (தனியாக அமிலம் வைத்துக் கழுவாமல், அதிலுள்ள அமிலமே பல்லைச் சொரசொரப்பாக்கும் வகை), 2.5. பழைய மூன்று-படி எட்ச் பாண்ட் (முதலில் அமிலம் வைத்துக் கழுவிவிட்டு ஒட்டும் வகை) 3.1, மிதமான ஒரு-படி பாண்ட் 3.6. இந்த நாலுக்கும் இடையில் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை. அதற்குக் கீழேதான் சரிவு: கடும் அமில ஒரு-படி பாண்ட் 5.4, இரண்டு-படி எட்ச் பாண்ட் 5.8, கடும் அமில இரண்டு-படி செல்ஃப் எட்ச் 8.4.

முதலிடத்தில் இருக்கும் கிளாஸ் அயனோமரைக் கவனியுங்கள். வில்சனும் கென்ட்டும் இங்கிலாந்தில் உருவாக்கி, 1970-களில் புழக்கத்துக்கு வந்த சிமென்ட். சோதனைக்கூடத்தில் பழைய வகை அயனோமரை இழுத்தால் பெரும்பாலும் பத்தைக்கூட எட்டாது. ஏனென்றால் ஒட்டு விடுவதற்கு முன்பே சிமென்ட் தனக்குள் உடைந்துவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் கடைசி வரிசையில் நிறுத்த வேண்டிய சரக்கு. வாய்க்குள்ளோ முதல் வரிசையில் நிற்கிறது. பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு கொள்வதும், கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்வதும், சுருங்கி ஒட்டை இழுக்கும் வேகம் குறைவாக இருப்பதும் காரணங்கள். 45 என்று சொல்லும் கிளினிக்கில் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு எப்படிப் போகிறது என்று தெரியும்.

பாண்ட் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பச்சியின் அடைப்பு ஏன் விழுந்தது என்பது விளங்காது. எனாமல் எடையில் 96 சதவீதம் தாது. 1955-இல் அமெரிக்காவில் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் பிசின் நன்றாகப் பிடிப்பதைக் காட்டினார். இன்று 35 முதல் 37 சதவீத நீல ஜெல்லை 15 வினாடி வைத்துக் கழுவினால் எனாமல் வெண்சுண்ணம் போல மங்கும். அந்த நுண்ணிய சொரசொரப்புக்குள் பிசின் புகுந்து இறுகும். இந்த விஷயத்தில் இன்றுவரை சந்தேகமே இல்லை. டென்டின் அப்படி இல்லை. அதில் சுமார் 70 சதவீதம்தான் தாது, மிச்சம் கொலாஜன் நாரும் தண்ணீரும். போதாததற்கு நுண்குழாய்கள் வேறு. எனாமலை ஒட்டிய இடத்தில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000, நரம்பை ஒட்டிய ஆழத்தில் 45,000 வரை. அவை வழியாக உள்ளிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அமிலம் தாதுவைக் கரைத்தபின் கொலாஜன் நார் வலை மட்டும் நிற்கும். அதற்குள் பிசின் ஊடுருவி இறுகினால் உண்டாகும் கலப்படுகையை 1982-இல் ஜப்பானின் நகபயாஷி விளக்கினார். அந்த வலையை அதிகம் காயவைத்தால் படுத்துவிடும், பிசின் புகாது. தண்ணீர் தேங்கினாலும் கெடும். நம் ஊர்ப் பழைய வீட்டில் மறுபூச்சுப் பூசும் கொத்தனாரைப் பார்த்திருப்பீர்களே, சுவரைக் கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, வழியாத அளவு ஈரம் இருக்கும்போதுதான் கரண்டியை எடுப்பார். டென்டினில் வேலையும் அந்தப் பக்குவம்தான். கலவை எந்த மூட்டையில் வந்தது என்பதைவிடச் சுவரைத் தயார் செய்தது யார் என்பது பெரிய விஷயம்.

'தலைமுறை' கணக்குக்கு வருவோம். அது பாண்டுகள் சந்தைக்கு வந்த வரிசையையும் படிகளின் எண்ணிக்கையையும் வைத்துப் போட்டது. பலத்தை வைத்துப் போட்டது அல்ல. நாலாம் தலைமுறை என்று சொல்லப்படும் மூன்று-படி பாண்டுகளில் ஒன்றான ஆப்டிபாண்ட் எஃப்எல்-ஐயும், ஆறாம் தலைமுறையில் வைக்கப்படும் கிளியர்ஃபில் எஸ்இ பாண்டையும்தான் இன்னும் பல ஆய்வுகள் புதிய பாண்டுகளுக்கு உரைகல்லாக வைத்துக்கொள்கின்றன. இரண்டும் வாய்க்குள் 13 வருடம் வரை பின்தொடரப்பட்டவை. பெரும்பாலான அடைப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்தாம், ஏழாம் தலைமுறைகளில் நடந்தது பாட்டில்களைக் குறைத்தது, நேரத்தை மிச்சம் பிடித்தது. எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலக்கும்போது தண்ணீரை ஈர்க்கும் சரக்கும் கூடவே சேர்கிறது. இறுகிய பிறகும் அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சும். எட்டாம் தலைமுறை என்று விற்கப்படுவது பெரும்பாலும் 'யுனிவர்சல்' பாண்ட். அதில் நல்லவற்றில் 10-எம்டிபி என்ற மூலக்கூறு இருக்கும். அது கால்சியத்தோடு எளிதில் கரையாத உப்பாகப் பிணைகிறது. இது உண்மையிலேயே நல்ல முன்னேற்றம், குறை சொல்ல மாட்டேன். கிளியர்ஃபில் எஸ்இ-இல் அதே எம்டிபி முன்பே உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஊறவைத்து எடுத்த எண்ணின் பெரிய குறை, அது மறுநாளைப் பற்றிப் பேசாது. தண்ணீரில் ஆறு மாதம், ஒரு வருடம் வைத்தபின் இழுத்தால், டென்டினில் எல்லா பாண்டின் பிடிப்பும் ஓரளவு இறங்கும். எளிமையாக்கப்பட்டவை கூடுதலாக இறங்கும். பிசின் முழுதாகப் புகாத கொலாஜனை, பல்லுக்குள்ளேயே உறங்கும் எம்எம்பி என்ற நொதிகள் தின்று தீர்ப்பதும் இதற்கு ஒரு காரணம். பளபளவென்று 45 காட்டிய பாண்ட் ஒரு வருடத்தில் எங்கே நிற்கிறது என்ற எண்ணைத்தான் கேட்க வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் கிண்ணத்துக்குக் கிண்ணம் 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கி, சூட்டுக் காப்பியையும் ஐஸ்கிரீமையும் நடிக்க வைப்பார்கள். அது ஓரளவுக்கு உதவும், வாய்க்கு ஈடாகாது.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொன்னேன். இனி உறுதியில்லாதவை. அந்த நொதிகளை அடக்க குளோர்ஹெக்சிடின் தடவிவிட்டு ஒட்டினால் சோதனைக்கூடத்தில் பிடிப்பு நீடிக்கிறது. நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் தெளிவான லாபம் தெரியவில்லை. கெடுதலும் இல்லை. ஆப்புப் பள்ளம் கடித்து அழுத்துவதால் பல் வளைந்து வருகிறது என்ற கொள்கை பிரபலம், ஆனால் இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. பிரஷ்ஷால் தேய்த்ததும் புளிப்பு அரித்ததும் எத்தனை பங்கு, கடியழுத்தம் எத்தனை பங்கு என்று ஒருவர் பல்லைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பளபளப்பான டென்டினைக் கருவியால் லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டுவது நல்லதா என்பதிலும் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. நான் சுரண்டுகிறேன்.

அந்தப் பளபளப்புதான் உங்கள் அப்பச்சி விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். பல்லைப் பார்க்காமல் சொல்வதால் இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது: பல்பொடியைத் தொட்டு, கெட்டியான பிரஷ்ஷால், மரம் அறுக்கிற மாதிரி குறுக்காகத் தேய்த்த பழக்கம். கூடவே சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு. பாக்கை வருடக்கணக்கில் மென்றால் கடிக்கும் பரப்பும் தேயும். வருடக்கணக்கில் வெளியே திறந்து கிடந்த டென்டின் தன் நுண்குழாய்களைத் தாதுவால் அடைத்துக்கொண்டு, மஞ்சளாகவோ பழுப்பாகவோ, கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஆகிவிடும். அமிலம் அதில் சரியாக இறங்காது. சோதனைக்கூட எண் பெரும்பாலும் இளைஞர்களிடம் பிடுங்கிய புதுப் பல்லில் எடுத்தது. அப்பச்சியின் பல் அது இல்லை. இரண்டாவது, அந்தப் பள்ளத்தின் கீழ் விளிம்பில் எனாமலே இருக்காது, ஈறு ஒட்டி நிற்கும். ஈறு வீங்கியிருந்தால் ரத்தமோ ஈறுநீரோ ஒரு சொட்டுப் போதும், எந்தத் தலைமுறை பாண்டும் தோற்கும்.

ஆகவே புது கிளினிக்கில் எண்ணைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். அடைக்கும் முன் ஈறைச் சுத்தம் செய்து ஆறவிடுவார்களா? எச்சில் படாமல் ரப்பர் டேமோ (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு), ஈறுக்குள் நூலோ வைப்பார்களா? மேல் விளிம்பிலுள்ள எனாமலுக்கு மட்டும் தனியாக நீல ஜெல் வைப்பார்களா? யுனிவர்சல் பாண்டுக்கு இந்தத் தனி எட்ச் நல்லது என்பதற்கு ஓரளவு வலுவான ஆதாரம் உண்டு. பாண்டை மைக்ரோபிரஷ்ஷால் தொட்டு வைத்துவிடாமல் சொன்ன வினாடி வரை தேய்த்து, அப்புறம் காற்றடித்துக் கரைப்பானைப் பறக்கவிடுகிறார்களா? பல பாண்டுகளில் அசிட்டோனோ எத்தனாலோ இருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே கரைப்பான் பறந்து சரக்கு கெட்டிப்படும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன பாண்டை மேஜையிலேயே வைத்திருந்தாலும் கெடும். கூச்சத்துக்கு வீட்டில் கிராம்புத் தைலம் தடவியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிலுள்ள யூஜினால் பிசினைச் சரியாக இறுக விடாது.

பல் சிரிக்கும்போது தெரியாத இடம் என்றால், நான் முதலில் கேட்பது பிசின் கலந்த கிளாஸ் அயனோமரைத்தான். நிறம் காம்போசிட் அளவுக்குப் பொருந்தாது, சொரசொரப்பும் கொஞ்சம் கூடும், நிற்பது நிற்கும். முன்னால் தெரிகிற பல்லானால் எம்டிபி உள்ள செல்ஃப் எட்ச் அல்லது யுனிவர்சல் பாண்டுடன் காம்போசிட் போடலாம். அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கேட்டால் பொருளுக்கும் நேரத்துக்கும் கொடுக்கலாம், 45 என்ற எண்ணுக்காக வேண்டாம்.

இன்னும் ஒன்று. அடைப்பு விழுந்தபின் அந்தப் பல் கூசுகிறதா என்று அப்பச்சியிடம் கேளுங்கள். கூச்சம் இல்லை, பள்ளம் ஆழமில்லை, உணவு சிக்குவதில்லை என்றால், திரும்ப அடைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மென்மையான பிரஷ்ஷுக்கு மாற்றி, பல்பொடியை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தாலே போதும் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். கூச்சம் இருந்தாலோ பள்ளம் ஆழப்பட்டுக்கொண்டே போனாலோ தள்ளிப்போட வேண்டாம். விழுந்த அடைப்புத் துண்டு கையில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பின்பக்கத்தைப் பார்த்தால் பல்லிலிருந்து முழுதாக உரிந்து வந்ததா, பாதியில் உடைந்து மிச்சம் பல்லிலேயே இருக்கிறதா என்பது ஓரளவு தெரியும். உடைந்திருந்தால் பாண்டைக் குறை சொல்ல முடியாது, கடியைச் சோதிக்க வேண்டும்.